முதுகு பெருத்த பெட்டி

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மேஜையில் முக்கால்வாசியை மானிட்டரே அடைத்துக்கொண்டிருக்கும். ஆன் செய்தால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம். படம் ஒரு தடவை நெளிந்து நிமிரும். மாடிக்குத் தூக்கிப் போனால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கனத்துக்குக் காரணம் கண்ணாடி. 1897-ல் ஜெர்மன் விஞ்ஞானி கார்ல் பிரவுன் உருவாக்கிய கேத்தோடு கதிர்க் குழாய்தான் உள்ளே இருப்பது. பின்னாலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள், காந்தத்தால் வளைந்து, திரையின் மூலை வரைக்கும் போக வேண்டும். அதற்கு இடம் வேண்டாமா? அதனால்தான் அந்த முதுகு. உள்ளே வெற்றிடம் என்பதால், வெளிக்காற்று நசுக்கிவிடாமல் இருக்கத் தடித்த கண்ணாடி. எக்ஸ்ரே கசியாமல் இருக்க அதில் ஈயம்.

டி.வி.யும் இதே வம்சம்தான். தமிழ்நாட்டில் அதற்குக் கடைசி ராஜமரியாதை 2006 செப்டம்பரில் கிடைத்தது. இலவச கலர் டி.வி. திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடு வீடாகப் போயின.

மறு வருஷம் நவம்பரில், டி.வி. தயாரிக்க ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலை திறந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த 2007-ன் கடைசி மூன்று மாதத்தில்தான் உலகச் சந்தையில் எல்.சி.டி. டி.வி. முதன்முறையாகக் குழாய் டி.வி.யை முந்தியது. மானிட்டர் சந்தையில் அதற்கு முன்பே கதை முடிந்திருந்தது.

சாம்சங் சமாளித்துக்கொண்டது. தட்டைத் திரை, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று மாறிக்கொண்டது. அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் செல்போன் செய்ய ஆரம்பித்த நோக்கியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வரித் தகராறு ஒரு பக்கம், ஸ்மார்ட்போன் அலை மறுபக்கம். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களில் நிறையப் பேர் இருபதுகளில் இருந்த கிராமத்துப் பெண்கள்.

கம்பெனிக் கணக்கில் ‘தேய்மானம்’ என்று ஒன்று உண்டு. மெஷின் பழசாகப் பழசாக, வருஷா வருஷம் அதன் மதிப்பில் கொஞ்சம் கழிப்பார்கள். முழுசாகக் கழிந்துவிட்டால் பழைய மானிட்டர் மாதிரி எடைக்குப் போட்டுவிடலாம்.

ஒரே மாடலை ஐந்தாறு வருஷம் பூட்டிப் பழகிய விரல்கள், அந்த மாடலோடு சேர்ந்து பழசாகிப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?