காலிக் கல்வெட்டும் சீனரின் கண்டுபிடிப்புக்களும்

கொழும்பு அரும்பொருட்சாலையில் மும்மொழிக் கல்வெட்டொன்று உண்டு. 1911ஆம் ஆண்டில் காலி நகரிலே, மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் அது கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்த அக்கல், மிங் வமிசத்து யொங்லோ பேரரசரின் ஆணைப்படி 1409ஆம் ஆண்டு சீனாவிற் பொறிக்கப்பெற்று, கடற்படைத் தலைவர் செங் ஹோவின் மரக்கலத்தில் ஈழம் வந்தது. சீனப் பகுதி புத்தபிரானையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையிற் கோயில்கொண்ட தெனாவரை நாயனாராகிய திருமாலையும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய நெறியையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, தூபக்கலம், எண்ணெய் என மூன்றிலும் கூறப்பெறும் காணிக்கைகள் ஏறக்குறைய ஒன்றேயாம்.

இத்துணைப் பாரமான கல்லைப் பெருங்கடல் கடந்து கொணரச் சீனர்க்குத் துணைநின்ற திறன்கள் எவை?

முதலாவது காந்தவூசி. காந்தமேற்றிய ஊசி நேர்தெற்கை நோக்காது சிறிது கிழக்கே சாய்தலை 1088ஆம் ஆண்டளவில் ஷென் குவோ என்னும் அறிஞர் எழுதிவைத்தார். பகலிற் கதிரவனையும் இரவில் விண்மீனையும் நோக்கிய மாலுமிகள், வானம் இருண்டபோது இவ்வூசியை நோக்கினர் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து நூலொன்றால் அறியப்படும்.

இரண்டாவது கப்பலின் அமைப்பு. சீனர் கப்பலின் உட்புறத்தைக் குறுக்குப் பலகைகளால் அறைகளாகப் பகுத்தனர். ஓரறையில் நீர் புகினும் ஏனையவை கப்பலைத் தாங்கும். 1974ஆம் ஆண்டு சுவான்சௌத் துறைமுகத்தருகே வெளிப்பட்ட சொங் வமிசக் கப்பலில் இத்தகைய அறைகள் பதின்மூன்று இருந்தன. பின்னணியத்திற் பொருத்தும் சுக்கானோ ஹான் காலத்துக் கல்லறையிற் கிடைத்த மட்கலப் படகுருவிலேயே காணப்படுகின்றது. மேனாட்டார் இதனைக் கையாண்டது பல நூற்றாண்டுகள் கழிந்தபின்னரேயாம்.

கடதாசி, அச்சு, வெடிமருந்து ஆகியனவும் அந்நாட்டிற் பிறந்தனவே. மரப்பட்டை, சணல், கந்தை, பழைய வலை ஆகியவற்றினின்றும் கடதாசி செய்யும் முறையைச் சாய் லுன் கி. பி. 105இல் அரசர்க்கு அறிவித்தார். அதற்கு முன்னரும் கடதாசி இருந்தமையை அகழ்வாய்வு காட்டியுள்ளது. 868இல் அச்சான வச்சிரச் சூத்திரம் இன்றும் இலண்டனில் உளது. வெடிமருந்துக் கலவை முறைகள் 1044ஆம் ஆண்டுப் போர் நூலொன்றிற் காணப்படுகின்றன.

சீனரின் கைவினையை ஈழம் அறிந்தது செங் ஹோவின் காலத்திலன்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அநுராதபுரத்து அபயகிரியில் தங்கிய பாகியன், புத்தர் திருவுருவின்முன் வணிகரொருவர் படைத்த சீனப் பட்டு விசிறியைக் கண்டு, தாய்நாட்டை நினைந்து கண்ணீர் உகுத்தார். மறுபுறம், சுவான்சௌவிலே தமிழ் வணிகர் சிவன் கோயில் எழுப்பினர். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அதற்குச் சான்று. காலிக் கல்லிலே தமிழ் இடம்பெற்றமைக்கு, அது அக்காலத்துக் கடல்வணிகத்தின் பெருமொழிகளுள் ஒன்றாய் விளங்கியமையே காரணமெனல் பொருந்தும்.

எனினும் கருவி தானே அறம் அறியாது. மூன்று நெறியினர்க்கும் காணிக்கை கொணர்ந்த அக்கடற்படையே, அதே யாத்திரையில் அழகேசுவரனோடு பொருது அவனைச் சிறைப்படுத்திச் சீனாவுக்குக் கொண்டுசென்றது. 1433இல் ஏழாம் யாத்திரையோடு மிங் அரசு இப்பெரும் பயணங்களைக் கைவிட்டது. காந்தவூசியும் வெடிமருந்தும் கொண்டு அடுத்த நூற்றாண்டில் ஈழக்கரையை அடைந்தவர் போர்த்துக்கேயராவர். கண்டுபிடித்தல் ஒரு பெருமை. கண்டதனைத் தொடர்ந்து பேணுதலும் நன்னெறியிற் செலுத்துதலும் அதனினும் அரியன. மும்மொழிக் கல் இவ்விரண்டையும் கற்பார்க்கு உணர்த்தி நிற்கின்றது.