நலம் பெற்றவர் எழுதிய நூல்

புத்தாண்டு பிறந்ததும் ஐரோப்பியச் செய்தித்தாள்களும் பயண இதழ்களும் பட்டியல் வெளியிடுகின்றன. இவ்வாண்டு காணவேண்டிய ஊர்கள், கூட்டம் மொய்க்காத கடற்கரைகள், நாளை புகழ்பெறவிருக்கும் வட்டாரங்கள் என அவை நீளும். இது நம் காலத்து வணிகம் என்றே எண்ணுகிறோம். ஆனால் இதன் வேர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மூத்தது; அவ்வேரில் வணிகம் மட்டுமன்று, நன்றியும் கலந்திருந்தது.

பிரான்சின் தென்கிழக்கு மூலையில், இத்தாலிய எல்லையை ஒட்டி, மென்டோன் என்னும் சிற்றூர் உள்ளது. எலுமிச்சையும் ஒலிவமும் விளைந்த ஊர். மொனாக்கோ அரசரின் ஆட்சியிலிருந்து 1848இல் பிரிந்து, 1860இல் மக்கள் வாக்கால் பிரான்சுடன் இணைந்தது. மறு ஆண்டு அரசர் தம் உரிமையை 40 இலட்சம் பிராங்குக்கு விட்டுக்கொடுத்தார்.

இவ்வூருக்கு 1859இல் ஜேம்ஸ் ஹென்றி பென்னட் என்ற ஆங்கில மருத்துவர் வந்தார். எலும்புருக்கி நோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அமைதியாகக் கண்மூட ஓர் இடம் தேடியே வந்தார். ஆனால் பிழைத்துக்கொண்டார். ஆல்ப்ஸ் மலைத்தொடர் வாடைக்காற்றை மறிக்க, குளிர்காலத்திலும் வெயில் காயும் அந்தக் கரையே தம்மைக் காத்தது என்று நம்பினார். 1861இல் அதைப் போற்றி ஒரு நூல் வெளியிட்டார். அது விரிந்து, பல பதிப்புகள் கண்டது.

அதன்பின் மென்டோன் பழைய மென்டோனாக இல்லை. 1869இல் இருப்புப்பாதை வந்தது. விடுதிகள் எழுந்தன. 1882இல் விக்டோரியா அரசியே வந்து தங்கினார். (இதற்கு நூறாண்டு முன்னர், 1766இல், ஸ்மாலெட் என்ற எழுத்தாளர் அண்டை நகரான நீஸின் காற்றைப் புகழ்ந்தும் அதன் மக்களை வாயாரத் திட்டியும் எழுதியிருந்தார். படித்தவர்கள் திட்டை மறந்து காற்றை மட்டும் நினைவில் வைத்தனர் போலும்!)

பென்னட் பொய்யுரைத்தவர் அல்லர் என்றே நாம் கருதுகிறோம். தமக்கு நேர்ந்ததை எழுதினார். லூக்கா நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளருள் ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி கூறியதைப் படிக்கிறோம். ஆனால் அங்கே பத்துப் பேரும் குணமடைந்திருந்தனர். மென்டோனில் அப்படியன்று. பிழைத்தவர் நூல் எழுதினார், பிழையாதவர்கள் எழுதவில்லை. அவர்களுடைய சாட்சியம் பழைய கோட்டை இடிபாடுகளின் மேலுள்ள கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர், உருசியர், செருமானியர் எனப் பல நாட்டார், அவர்களுள் இளைஞர் பலர், கடலை நோக்கித் துயில்கின்றனர். வரலாற்றாசிரியர் ஜான் ரிச்சர்ட் கிரீன் இவ்வூரில் 1883இல் 45ஆம் வயதில் இறந்தார். ஓவியர் ஆப்ரி பியர்ட்ஸ்லி 1897இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, மறு ஆண்டு மார்ச்சில் இங்கே கண்மூடினார். அவருக்கு வயது 25.

நோயாளரின் படுக்கையருகே நின்று பழகிய நமக்கு, தொலைவில் ஓரிடத்தில் சுகம் கிடைக்கும் என்ற சொல் ஒரு குடும்பத்தை எப்படிப் பற்றிக்கொள்ளும் என்பது தெரியும். வீட்டை விற்றேனும் புறப்படுவார்கள். எலும்புருக்கியை வெல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். அதுவரை காற்றும் வெயிலும் ஓய்வுமே மருந்து.

1882இல் ராபர்ட் காஹ் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். நோய் தொற்றும் என்பது தெளிவானதும், நோயாளரால் வளர்ந்த விடுதிகள் நோயாளரையே மெல்ல விலக்கத் தொடங்கின. கரைக்குப் புதிய விளம்பரம் தேவைப்பட்டது; பெயரும் கிடைத்தது. 1887இல் ஸ்டீபன் லியேஜார் என்ற எழுத்தாளர் தம் நூலுக்கு ‘நீலக் கரை’ எனப் பொருள்படும் ‘கோத் தசூர்’ என்ற தலைப்பிட்டார். அப்பெயரே நிலைத்தது. அதில் மருந்தின் வாடை இல்லை. வானும் கடலும் மட்டுமே இருந்தன. குளிருக்கு அஞ்சி வந்தோர் போய், 1920களுக்குப் பின் கோடையில் குளிக்க வருவோர் பெருகினர். 1936இல் தொழிலாளருக்கு ஊதியத்துடன் விடுமுறை என்ற சட்டம் பிரான்சில் வந்ததும் எளியோரும் கடலைக் கண்டனர். இதை நாம் குறை சொல்ல மாட்டோம்.

எலுமிச்சையின் கதையும் உண்டு. உறைபனியும் நோயும் தோப்புகளை வாட்டின. மாளிகைகளும் அவற்றின் நிலத்தில் எழுந்தன. 1934 முதல் மென்டோன் பிப்ரவரிதோறும் எலுமிச்சைத் திருவிழா கொண்டாடுகிறது. பழங்களால் கோபுரங்களும் தேர்களும் கட்டுகிறார்கள். படங்கள் உலகெங்கும் இதழ்களில் வருகின்றன. அப்பழங்களில் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வருகிறது. மென்டோன் எலுமிச்சைக்கு 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. அதைப் பயிரிடுவோர் இன்று சிலரே.