மோட்டார் பில்லில் தொடங்கிய ஊராட்சிக் கதை

ஒவ்வொரு காலாண்டும் வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: பொது இணைப்புக்கு கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருகிறது? படிக்கட்டு விளக்கும் தெருவிளக்கும் அதில் சின்னப் பங்குதான். பெரும்பங்கு தண்ணீர் மோட்டாருக்குப் போகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் உயரம் தூக்க, ஏட்டுக் கணக்கில் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். மோட்டாரிலும் குழாயிலும் ஆகும் இழப்பைச் சேர்த்தால் அரை யூனிட்டைத் தாண்டிவிடும். போர் எவ்வளவு ஆழமோ, அதற்கு மேல் மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு உயரமோ, அவ்வளவுக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். 2022 செப்டம்பரில் அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனிக் கட்டணம் வந்தபோது தமிழ்நாடு முழுக்க குடியிருப்போர் சங்கங்கள் குரல் எழுப்பியது நினைவிருக்கும்.

இதே கேள்வி சுமார் கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு கிராம ஊராட்சியில் எழுந்தது. அதன் விடையைத் தேடிப் போன ஊராட்சி, கடைசியில் சொந்தமாகக் காற்றாலையே வாங்கிவிட்டது. ஓடந்துறையின் கதை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகிறவர்கள் மலை ஏறுவதற்கு முன் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பிளாக் தண்டர் போயிருந்தால் அந்த ஊராட்சி எல்லைக்குள்தான் நனைந்திருப்பீர்கள்.

கதைக்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஊர்ச்சபை என்றதும் எல்லோரும் உத்திரமேரூரைச் சொல்வோம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. குடவோலையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். நான் அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு இரண்டு செய்திகளை. ஏரியைப் பார்த்துக்கொள்ளவென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று தனியாக இருந்தது. இது ஒன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி தேர்வாக முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. இது இரண்டாவது. அது நிலமுள்ள பிராமணர்களின் சபை, ஊரில் மற்றவர்களுக்கு அதில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் தண்ணீரையும் கணக்கையும் ஒரே ஓலையில் கட்டிய புத்தி பெரிய புத்திதான்.

இன்றைய ஊராட்சிகளின் பிறப்பு அண்மையது. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1986க்குப் பிறகு பத்து ஆண்டுகள் நடக்காமலே கிடந்த உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடந்தது. அந்தத் தேர்தலில் ஓடந்துறைக்குத் தலைவராக வந்தவர் இரா. சண்முகம். 2006 வரை இரண்டு முறை பதவியில் இருந்தார்.

அவர் வந்தபோது ஊராட்சியின் முதல் கவலை குடிநீர். பவானி பக்கத்திலேயே ஓடினாலும் ஆற்றுத் தண்ணீர் தானாக வீட்டுக்கு வந்துவிடாதே. எடுத்து, சுத்திகரித்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். திட்டம் போட்டார்கள், தண்ணீர் வந்தது, ஊர் மகிழ்ந்தது. பிறகு பில் வந்தது. 1996இல் மாதம் இரண்டாயிரம் ரூபாய் அளவில் இருந்த ஊராட்சியின் மின்கட்டணம், குடிநீர்த் திட்டத்துக்கும் தெருவிளக்குகளுக்கும் பிறகு ஐம்பதாயிரம் வரை ஏறியது என்று அந்நாளைய செய்திகள் சொல்கின்றன. ஒரு கிராம ஊராட்சிக்கு அது சிறிய தொகை இல்லை. குழாயை மூடினால் ஊர் சண்டைக்கு வரும், மூடாவிட்டால் பெட்டி காலியாகும்.

பொதுவாக இந்த இடத்தில் ஊராட்சிகள் பாக்கி வைக்கும். மின்வாரியத்துக்கு உள்ளாட்சிகள் வைத்த பாக்கி அடிக்கடி செய்தியாகும் விஷயம்தான். ஓடந்துறை பில்லைப் பிரித்துப் பார்த்தது. எந்த இணைப்பு, எத்தனை யூனிட், எதற்கு?

முதலில் சின்னதாகத் தொடங்கினார்கள். சில தெருக்களில் சூரிய விளக்குகள். பிறகு 2003இல் 9 கிலோவாட் அளவுள்ள ஒரு வாயுவாக்கி. மரக்கழிவைக் குறைந்த காற்றில் எரித்தால் எரியக்கூடிய ஒரு வாயு வரும். அதைக்கொண்டு எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுத்து, குடிநீர் மோட்டாரை இயக்கலாம். சுற்றுவட்டாரத்தில் மர அறுவை ஆலைகள் இருந்ததால் கழிவுக்குப் பஞ்சமில்லை. இந்த எந்திரம் பெரிய அதிசயம் எதுவும் இல்லை. தினமும் ஆள் வைத்து ஊட்ட வேண்டும், சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் தண்ணீர் ஏற்றும் செலவு குறைந்ததைத் தாளில் எழுதிக் காட்ட முடிந்தது. அடுத்த அடிக்கு ஊரைச் சம்மதிக்க வைத்தது அந்தத் தாள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த அடி பெரியது. 2006இல் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை ஊராட்சியின் பெயரில் வாங்கினார்கள். விலை சுமார் 1.55 கோடி ரூபாய். 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, 1.15 கோடி வங்கிக் கடன். ஒரு கிராம ஊராட்சி காற்றாலைக்காக வங்கிக் கடன் வாங்கியது அன்று நாடு முழுக்கச் செய்தியானது. வெளிநாட்டினர் கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. அது நிற்பது உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டு இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று சீறிக்கொண்டு வரும் வட்டாரம் அது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேரும். மீட்டரில் பதிவாகும். கணக்கு ஊராட்சியின் பேரில் வரும். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது, ஊரின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். மிஞ்சிய இரண்டு லட்சத்துச் சொச்சம் யூனிட் மின்வாரியத்துக்கு விற்பனை. அந்த வருமானத்தில் கடனை அடைத்தார்கள். காற்று வீசாத ஊருக்கும் காற்றிலிருந்து வருமானம் வர வழி உண்டு என்று அன்றைக்கு யோசித்தது சாதாரண விஷயம் இல்லை.

இதற்கெல்லாம் ‘பசுமை’ என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 2011இல் மாநில அரசு சூரியசக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தை அறிவித்தது. 300 சதுர அடி, வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய், சூரிய மின்சாரத்தில் ஐந்து விளக்குகள். ஓடந்துறையிலும் அத்தகைய வீடுகள் எழுந்தன. ஆனால் தொடக்கத்தில் அந்த ஊராட்சி உலக வெப்பமயமாதலைப் பற்றிப் பேசவில்லை. மோட்டார் பில்லைப் பற்றிப் பேசியது.

அப்படியானால் தமிழ்நாட்டின் எல்லாக் கிராம ஊராட்சிகளும் ஏன் இப்படிச் செய்யவில்லை? சேமிப்பு வேண்டும், கடன் தர வங்கி வேண்டும், பத்து ஆண்டுகள் ஒரே வேலையைத் துரத்தும் தலைமை வேண்டும். அதிர்ஷ்டமும் கொஞ்சம் வேண்டும். ஓடந்துறைக்கு இவை எல்லாம் ஒரே சமயத்தில் வாய்த்தன. எல்லா ஊருக்கும் காற்றாலை என்று மேடையில் பேசுவது எளிது; நம்ப மாட்டேன். பில்லைப் பிரித்துப் பார்ப்பதற்கு மட்டும் காசும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் ஒன்று உண்டு, நம்மில் சென்னையிலிருந்து வந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 2003இல் மாநிலம் முழுக்க எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அவசரச் சட்டம் வந்தது. கெடு வைத்தார்கள். தவறினால் குடிநீர் இணைப்பே துண்டிக்கப்படும் என்றார்கள். வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். நல்ல சட்டம், அடுத்த சில மழைகளில் சென்னையின் பல பகுதிகளில் நிலத்தடி நீர் ஏறியது. ஆனால் பெரும்பாலான குழிகளை அதன் பிறகு யாரும் திறந்து பார்க்கவில்லை. மணலும் இலையும் அடைத்துக்கொண்டன. குழாய்கள் ஒடிந்தன. 2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு லாரிக்குக் காத்திருந்தபோதுதான் மாடியிலிருந்து இறங்கும் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று பல வீடுகளில் தேடினார்கள். மேலிருந்து வந்த உத்தரவு குழியைக் கொடுத்தது. ஆண்டுதோறும் அதன் மூடியைத் திறக்கும் ஆளை அது கொடுக்கவில்லை.

இப்போது நம் மலைக்கு வருவோம். ஏற்காடு என்ற பெயரை ஏரியும் காடும் சேர்ந்தது என்பார்கள். நம் ஊரின் பெயரிலேயே ஒரு குட்டை இருக்கிறது. மழையும் சேலத்தைவிட இங்கே அதிகம், ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டரை ஒட்டி வரும். இவ்வளவு இருந்தும் மார்ச், ஏப்ரலில் ஏன் தட்டுப்பாடு? சேர்வராயன் மலை கடினப் பாறை. மழை சரிவில் ஓடிவிடும். பாறை வெடிப்புகளுக்குள் இறங்குவது கொஞ்சம்தான். போர் போட்டால் கிடைப்பதும் அந்த வெடிப்புகளில் தேங்கிய நீர்தான். அது நம் சுற்றுச்சுவருக்குள் மட்டும் தேங்குவதில்லை. பக்கத்து ஊர் மக்களின் கிணறும் அதே பாறையைத்தான் நம்பியிருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நகர்ப்புற அளவு 135 லிட்டர். நாம் வாழ்வது கிராம ஊராட்சியில், நம் குளியலறைகள் நகரத்து அளவில். இந்த வித்தியாசத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை யோசிக்கத்தான் வேண்டும்.

கூரையிலிருந்து எடுக்க முடியும். ஆயிரம் சதுர மீட்டர் கூரை, 1,500 மில்லிமீட்டர் மழை என்றால் ஆண்டுக்கு 15 லட்சம் லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று தள்ளினாலும் 12 லட்சம். நகரத்து அளவிலேயே நான்கு பேர் கொண்ட ஆறு குடும்பங்களின் ஓராண்டுத் தண்ணீர் அது. முழுவதையும் சேமிக்கும் தொட்டி யாரிடமும் இல்லை, உண்மைதான். ஆனால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை கொட்டும்போதும் நாம் போர் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருக்கிறோமே, அதை நிறுத்தலாம். கூரைத் தண்ணீரைச் சம்பில் விட்டால் அங்கிருந்து மாடிக்கு ஏற்றும் செலவு மட்டும்தான். போரின் ஆழத்துக்குப் பில் கட்ட வேண்டாம்.

நாம் கீழே விடுவதும் எங்கோ போய்ச் சேர்கிறது. சேலம் நகருக்குள் சாக்கடையாக ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பது இந்த மலைத்தொடரில்தான்.

ஊராட்சியின் இன்றைய நிலையையும் தெரிந்துகொள்வது நல்லது. 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. 2016க்கும் 2019க்கும் இடையிலும் இப்படித்தான் இருந்தது. தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிராம சபை கூடும். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. 2022 முதல் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். இந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கிராம சபை உறுப்பினர்தான். ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்படும். குடிநீர் மோட்டாருக்கு எவ்வளவு என்ற வரியும் அதில் இருக்கும். சொத்து வரி கட்டுகிறோம், தூய்மைக் காவலர் வரவில்லை என்றால் புகார் சொல்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு மட்டும் நம் குடியிருப்பிலிருந்து போகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

நம் பங்குக்கு அடுத்த பொதுக்குழுவில் இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, பொது இணைப்புக்குக் கூரை மேல் சூரியத் தகடுகள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மலையில் மூடுபனி நாட்கள் அதிகம் என்பதால் சமவெளிக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விலைப்புள்ளி தருகிறவர்களிடம் ஏற்காட்டுக்கான கணக்கைத் தனியாகக் கேட்கிறோம். இரண்டாவது, கூரைக் குழாய்களைச் சம்புக்குத் திருப்புவது. இதற்கு ஆகும் செலவு முதலாவதைவிடக் குறைவு. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எதுவானாலும் வடிகட்டியைப் பருவத்துக்கு இரண்டு முறை திறந்து சுத்தம் செய்யப்போவது யார் என்று அந்தக் கூட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதிவிடுவோம்.

மோட்டாருக்குத் தனியாக ஒரு துணை மீட்டர் வைத்து, மாதாமாதம் எத்தனை யூனிட் என்று குறித்து, மின் கட்டண ரசீதின் நகலோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று ஒரு யோசனையும் இருக்கிறது. சம்மதம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.