கெலிங்: விலங்கொலியா, கலிங்கமா?

வகுப்பறையில் நான் பலமுறை எதிர்கொண்ட வினா ஒன்று உண்டு. நம்மவரை இழித்துரைக்கும் ‘கெலிங்’ என்னும் சொல், கால்விலங்குடன் இங்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் நடக்கையில் எழுந்த ‘கிளிங், கிளிங்’ ஓசையிலிருந்து பிறந்ததா? மாணவர் மட்டுமன்றி ஆசிரியர் பலரும் அவ்வாறே நம்புகின்றனர். உருக்கமான கதைதான், ஆயினும் காலக்கணக்கு அதற்கு இடந்தரவில்லை.

பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூரை வந்தடைந்தது 1825ஆம் ஆண்டில். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மலாக்காவில் வாழ்ந்த போர்த்துக்கீசியர் தொமே பீரிசு, அங்கிருந்த தென்னிந்திய வணிகரை இப்பெயராலேயே குறித்துள்ளார். அவர்களுள் ஒருவரான நைனா சத்து, கப்பலோட்டிய பெருவணிகர். அவர் காலில் விலங்கேது?

இன்னும் பின்னோக்கிச் செல்லலாம். 11ஆம் நூற்றாண்டில் சாவகத்தை ஆண்ட ஐர்லங்கனின் சாசனங்கள் அயல்நாட்டாரைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் ‘கிலிங்’ ஒரு பெயர்; ‘திராவிட’ வேறொரு பெயர். இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். இரண்டும் தனித்தனியே வருவதால், கிலிங் என்பது அன்று தமிழரைக் குறிக்கவில்லை எனக் கொள்ளலாம். ஒடிசாவும் ஆந்திரத்தின் வடகரையும் சேர்ந்த கலிங்க நாட்டாரையே அது சுட்டியிருக்க வேண்டும். பின்னர்த் தமிழ் வணிகர் மிகுதியாக வந்தபோது, பழைய பெயர் அவர்கள்மேல் ஏறியது. நாமும் இதைச் செய்தவர்கள்தாம்: ‘பிராங்கு’ என்ற இனத்தாரின் பெயர் அரபு, பாரசீக வழியாக வந்து, போர்த்துக்கீசியர்மேல் ‘பறங்கி’ என ஒட்டிக்கொள்ளவில்லையா?

செஜாரா மெலாயு ‘கெலிங் நாடு’ என்று கூறுமிடத்தில் இகழ்ச்சி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் பெருகப் பெருக, வணிகரைச் சுட்டிய சொல்லில் தாழ்வுப் பொருள் படிந்தது.

“கலிங்கம் பெருமைக்குரிய பெயர்தானே, சினம் எதற்கு?” என்று கேட்போரும் உளர். இதை நான் ஏற்பதில்லை. சொல் பிறந்த இடம் வேறு. அது இன்று வீசப்படும் தொனி வேறு. விலங்குக் கதை பொய்யாயினும், அக்கதையை நம்பியவர்களின் மனக்காயம் பொய்யன்று.

சிங்கப்பூரின் கிளிங் தெரு, இந்தியச் சமூகத்தின் எதிர்ப்பால் 1920களின் தொடக்கத்தில் சூலியா தெருவாயிற்று. பினாங்கில் தமிழ் முசுலிம்கள் எழுப்பிய காப்பித்தான் கெலிங் பள்ளிவாசலோ இன்றும் அப்பெயருடனேயே நிற்கிறது.