சந்திரசேகர் எல்லை - கப்பலில் பிறந்த கணக்கு

1930ம் ஆண்டு ஜூலை 31. பம்பாயிலிருந்து ஐரோப்பா கிளம்பிய ஒரு கப்பலில் 19 வயது தமிழ் இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு, அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் போய்க்கொண்டிருந்தார். கப்பலில் மற்றவர்கள் பொழுதுபோக்க, இவர் கணக்குப் போட்டார். வானியலையே மாற்றிய கணக்கு அது!

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே சுருங்கும். உள்ளே நெருக்கப்படும் எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளுவதால் சுருக்கம் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அதுதான் 'வெள்ளைக் குள்ளன்'. எல்லா நட்சத்திரங்களின் முடிவும் இதுதான் என்று அப்போது நம்பினார்கள். சந்திரசேகர் இதில் ஐன்ஸ்டீனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். எடை ஓர் அளவைத் தாண்டினால் எலக்ட்ரான்களால் தாங்க முடியாது, சுருக்கம் நிற்காது என்று விடை வந்தது. அந்த அளவு சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு.

1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேசியவர் அன்றைய வானியல் மேதை எடிங்டன். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாது என்று கேலி செய்தார். சபை சிரித்தது. சந்திரசேகர் சொல்வதே சரி என்று நினைத்த பெரிய இயற்பியலாளர்களும் வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. அவர் 1937ல் அமெரிக்கா போனார். 1939ல் இதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

அப்படியானால் 1.4 மடங்குக்கு மேல் உள்ள எல்லா நட்சத்திரமும் இப்படி நொறுங்குமா? இல்லை. நட்சத்திரங்களும் செலவாளிகள்தான்! முதுமையில் ஊதிப் பெருத்து, தங்கள் வாயுவை வெளியே வீசி எடையை இழக்கின்றன. சூரியனைப் போல 5, 6 மடங்கு எடையோடு பிறந்தவைகூட இப்படி இளைத்து, எல்லைக்குள் வந்து, வெள்ளைக் குள்ளனாகின்றன.

சுமார் 8 மடங்குக்கு மேல் பிறந்தவை எவ்வளவு இழந்தாலும் தப்புவதில்லை. அவற்றின் நடுவில் சேரும் இரும்பு, எல்லையைத் தொட்டதும் ஒரே நொடிக்குள் நொறுங்குகிறது. மேலடுக்குகள் சூப்பர்நோவாவாக வெடிக்க, நியூட்ரான் நட்சத்திரமோ கருந்துளையோ மிஞ்சுகிறது. 1987 பிப்ரவரியில் தென்வானில் இப்படி ஒரு வெடிப்பு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நமது திருவாதிரைக்கும் இதே முடிவுதான். 2019 கடைசியில் அது மங்கியதற்கு, அது வெளியே வீசிய வாயு தூசியாகி மறைத்ததே காரணம் என்கிறார்கள்.

1983ல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது வயது 73. எடிங்டன் 1944லேயே இறந்துவிட்டார். தன்னைக் கேலி செய்தவரைப் பற்றிச் சந்திரசேகர் கடைசிவரை மரியாதையாகவே பேசினார். 19 வயதில் கண்ட அடிப்படை முடிவை அவர் ஒருநாளும் கைவிடவில்லை, உலகம்தான் தன்னைத் திருத்திக்கொண்டது.