பரம்பரை நிஜம், கபிலன் கற்பனை

2021 ஜூலை 22 அன்று பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ அமேசான் பிரைமில் வெளிவந்தது. சில நாட்களிலேயே முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார் கண்டனம் தெரிவித்தார். எம்.ஜி.ஆருக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் படம் காட்டுகிறது என்பது அவர் குறை. ராயபுரத்தில் பலமுறை ஜெயித்தவர், பேசாமல் இருப்பாரா? 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது முதல்வர் எம்.ஜி.ஆர்.தான். ஆனால் கதை நடப்பது அதற்கு முந்தைய ஆண்டுகளில்.

என்னைக் கேட்டால், எம்.ஜி.ஆரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்காகப் பேசக் கட்சி இருக்கு, பேப்பர் இருக்கு. எனக்கு உறுத்துவது வேறு. சார்பட்டாவும் இடியாப்ப நாயக்கர் பரம்பரையும் வடசென்னையில் நிஜமாகவே இருந்த குத்துச்சண்டைப் பரம்பரைகள். கபிலன், ரங்கன் வாத்தியார், வேம்புலி, தணிகை எல்லோரும் எழுதி உண்டாக்கப்பட்டவர்கள். ஊர்ப் பெயரும் பரம்பரைப் பெயரும் அசல், உள்ளே இருக்கும் ஆள் மட்டும் கற்பனை. சாதித் திமிரோடு திரியும் தணிகையும் சார்பட்டாக்காரர்தான். அந்தப் பரம்பரையில் நிஜமாகவே கையுறை மாட்டிய ஒருவருடைய பேரனிடம், “உங்க தாத்தாவா அந்த ஆளு?” என்று யாராவது கேட்டால் அவன் என்ன சொல்வான்? ‘யாவும் கற்பனையே’ என்ற வரி கோர்ட்டுக்கு உதவும், அவனுக்கு உதவாது.

காலத்திலும் இதே கலவைதான். 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. படம் அதைக் கொண்டுவந்து ரிங்குக்கு நடுவே வைக்கிறது, போலீஸ் ரங்கனைப் பிடித்துப் போகிறது. நிஜத்தில் சென்னைச் சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977-ல் இறந்துபோனார். ரங்கன் கைதாகும்போது நமக்கு நெஞ்சு கனக்கிறதென்றால், அதில் பாதி அந்த நிஜமான சிறையிலிருந்து வந்தது.

அதற்காகப் பரம்பரைப் பெயரை மாற்றியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மாற்றியிருந்தால் ராயபுரத்துக்கு வெளியே இன்றைக்கு அந்தப் பெயரை யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் 2018-ல் ‘வடசென்னை’ வந்தபோது நடந்ததையும் பார்க்கணும். படகில் வரும் ஒரு காட்சி தங்களைப் புண்படுத்துவதாக மீனவர்கள் சொன்னார்கள். வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து, காட்சியை நீக்குவதாகச் சொன்னார். மீனவர்களுக்குக் கரையில் ஊர் இருக்கு, கூட்டமாகச் சேர்ந்து கேட்க முடிந்தது. பழைய குத்துச்சண்டைக்காரர்கள் தனித்தனி வீடுகளில் கிழவர்களாகிவிட்டார்கள். அவர்கள் ஆட்டத்தைப் பற்றி அச்சில் வந்தது கொஞ்சம், மற்றதெல்லாம் டீக்கடைப் பேச்சு. அந்த இடத்தில் இப்போது படம் உட்கார்ந்துவிட்டது. சார்பட்டா என்று இணையத்தில் தேடுங்கள், முதலில் வருவது ஆர்யாவின் முகம்.