300 மீட்டரும் ஒரு தோட்டாவும்

மக்களே, சனிக்கிழமை சுவிஸ் கிராமத்துப் பக்கம் போனா 'டப் டப்'னு சத்தம் கேட்கும். பயப்படாதீங்க, ஊர் ஜனங்க 300 மீட்டர்ல குறி பார்க்கறாங்க :-)

1889 மாடல் துப்பாக்கிக்குத் தோட்டா செஞ்சவர் தூண் நகரத்து எடுவார்ட் ரூபின். மூக்கு மழுங்கல், வேகம் நொடிக்குச் சுமார் 600 மீட்டர். 1911-ல வந்த ஜிபி11 தோட்டாவுக்குக் கூர்மூக்கு, ஒடுங்கின வால். எடை 11.3 கிராம், வேகம் சுமார் 780 மீட்டர். அதனால தூரத்துல இறக்கமும் குறைவு, காத்து தள்ளறதும் குறைவு.

ஃபெல்ட்ஷீசன் போட்டியில இன்னைக்கும் ராணுவத் தோட்டா மட்டுந்தான். காசைக் கொட்டி ஒசத்தித் தோட்டா வாங்கி ஜெயிக்க முடியாது. மூச்சும் விரலும் தான் பேசணும்.

ஆனா வீட்டுல சீல் வெச்சுக் குடுத்த தோட்டா, தற்கொலைகள் பத்தின பெரிய விவாதத்துக்கப்புறம் 2007-ல நிறுத்தப்பட்டது. துப்பாக்கி வீட்டுல, தோட்டா கிடங்குல. எனக்கு இது சரின்னு படுது. உங்களுக்கு?